ஆமாங்க மிஸ்

முதலாமாண்டு நுண்கணிதம் உங்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டதும் உங்களில் சிலருடைய முகம் போன போக்கை நான் பார்த்தேன். நூலகத்துப் புத்தகம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், துறை அறையில் ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று நுழைந்தேன். பார்த்தால் எல்லாரும் இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஓய்வு பெற்றவள் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் எப்போதும் இருந்ததில்லை. அதனால்தான் இதை எழுதி அனுப்புகிறேன்.

பெரிய வகுப்பு பயமாகத்தான் இருக்கும். கணிதத்தில் இரண்டு பிரிவு, இயற்பியல், புள்ளியியல் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கருத்தரங்குக் கூடத்தில் அடைத்து, உங்கள் கையில் ஒரு மைக்கைக் கொடுத்துவிடுவார்கள். அது பாதி நாள் கரகரக்கும், மீதி நாள் பேசவே பேசாது. கடைசி வரிசைப் பையனுக்கு மீசை இருக்கிறதா இல்லையா என்றுகூட மேடையிலிருந்து தெரியாது. பாடம் எப்படி நடத்துவது என்று நான் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டால் ஒரே பருவத்தில் பிள்ளைகள் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நான் சொல்ல வந்தது ஒரு சொல்லைப் பற்றி.

அதற்கு முன் வருகிற பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம். மோகனூரிலிருந்தும் ஜலகண்டாபுரத்திலிருந்தும் பஸ் மாறி வருகிறவர்கள். பாதிக்கு மேல் தமிழ்வழி. பள்ளியில் ‘சார்பு’ என்று படித்ததை நாம் முதல் நாளே ஃபங்ஷன் என்கிறோம். ஒரு வருடம் முதல் வகுப்பில், “ஒரு ஃபங்ஷன் எடுத்துக்குவோம்” என்றேன். முன்வரிசையில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து, “யாரூட்டு ஃபங்ஷன்டா?” என்றான். அன்றைக்கென்று மைக் ஒழுங்காக வேலை செய்தது. கூடம் முழுக்கக் கேட்டுவிட்டது. “காதுகுத்தா, கல்யாணமா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். நானும் சிரித்துவிட்டேன்.

சிரிக்கிற பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அவர்கள் எப்படியாவது கரையேறிவிடுவார்கள். கவலைப்பட வேண்டியது பள்ளியில் கணக்கில் சென்டம் வாங்கி, அதற்காக ஊரில் ஃப்ளெக்ஸ் வைக்கப்பட்டு, இங்கே வந்து நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பற்றித்தான். கேள்வியின் முதல் வரியைப் பார்த்ததும் விடை கையில் வந்து நிற்கும் அவர்களுக்கு. அந்தப் பயிற்சியை நான் குறை சொல்லமாட்டேன். அதுதான் அவர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. இங்கே வந்தபின் அதுவே காலை வாரிவிடும்.

இப்போது அந்தச் சொல். நீங்கள் ஒரு நிரூபணத்தை முடித்து, கைத்தூசியைத் தட்டிக்கொண்டு, “புரிஞ்சுதா?” என்பீர்கள். கூடம் முழுவதும் ஒரே குரலில், “ஆமாங்க மிஸ்” என்னும். மிஸ் என்பது பள்ளிப் பழக்கம், பொங்கலுக்குள் மேம் ஆகிவிடும். ‘ஆமாங்க’ மட்டும் மாறாது. தெற்கேயிருந்து வந்த ஒரு சக ஆசிரியர், “இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன மூளை! எல்லாருக்கும் உடனே புரிந்துவிடுகிறது” என்று ஒரு மாதம் பூரித்துப்போயிருந்தார். முதல் உள்தேர்வு விடைத்தாள்கள் வந்த பிறகு அவர் பூரிக்கவில்லை.

நான் சேலத்துக் கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பூசையில் குருவானவர் ஒன்று சொன்னதும் சபை முழுவதும் பதில் சொல்லுமே, அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவள். எனக்கு இந்த ‘ஆமாங்க’ அப்படித்தான் காதில் விழும். அது பதிலுரை. ‘நீங்கள் சொன்னதைக் கேட்டோம், உங்கள்மேல் மரியாதை இருக்கிறது, தொடருங்கள்’ என்று பொருள். புரிந்தது என்று பொருளே இல்லை. பெரியவர்கள் முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று சொல்வது இந்தப் பக்கத்தில் பழக்கமில்லாத காரியம். ‘பாக்கலாங்க’ என்பார்கள், ‘செரிங்க’ என்பார்கள், ‘இல்லீங்க’ மட்டும் தொண்டையைத் தாண்டி வராது.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் அந்தச் சொல் ஒரு பெண்ணின் படிப்பையே கொண்டுபோகப் பார்த்தபோதுதான் அதன் எடை தெரிந்தது.

அவளைக் கோகிலா என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் வேறு. மோகனூர் பக்கத்துப் பெண், அரசுப் பள்ளி, கணக்கில் சென்டம். இங்கே விடுதியில் தங்கியிருந்தாள். அப்பாவுக்குக் கொஞ்சம் கரும்பு. அரவை நடக்கும் மாதங்களில் ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு டிராக்டர் ஓட்டுவார். முதல் உள்தேர்வில் நான் ‘எல்லை’, அதாவது லிமிட், பற்றிய ஒரு கேள்வி கேட்டிருந்தேன். கரும்பலகையில் நான் செய்து காட்டிய கணக்கில் கடைசியில் மூன்றால் வகுக்க வேண்டும். தேர்வில் கேட்டதோ வேறு கணக்கு, அதில் ஐந்தால் வகுக்க வேண்டும். கூடத்தில் பாதிக்கு மேல் மூன்றாலேயே வகுத்திருந்தார்கள். கோகிலாவும்தான். பென்சிலில் கோடு போட்டு, விடையைக் கட்டம் கட்டி, அச்சடித்ததுபோல் எழுதியிருந்தாள். எழுதியிருந்தது முழுக்க வேறொரு கேள்விக்கான விடை.

மதிப்பெண் வந்த மறுவாரம் அவளுடைய அப்பா கல்லூரிக்கு வந்துவிட்டார், டி.சி. வாங்க. அப்போது நான் துறைத்தலைவர். நான் கையெழுத்துப் போட்டால் அலுவலகத்தில் உடனே கொடுத்துவிடுவார்கள். முதல்வர் மதியம் ஏதோ கூட்டத்துக்குக் கிளம்புகிறார், சீக்கிரம் ஆகட்டும் என்று அலுவலகத்திலிருந்து ஆள் வேறு வந்துவிட்டது. பருவத்தின் நடுவில் டி.சி. வாங்கிவிட்டால் அந்த இடம் போனது போனதுதான், அந்த வருடம் வேறெங்கும் சேரவும் முடியாது. எனக்கோ அடுத்த மணி வகுப்பு.

அவர் உட்கார மறுத்துவிட்டார். நின்றுகொண்டே பேசினார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். காலேஜ் மேல கொறை ஒண்ணும் இல்லீங்க. புள்ள மண்டைல ஏறலைங்குதுங்க. போன் பண்ணுனா அழுவுதுங்க. நாமக்கல்ல ஒரு ஜவுளிக் கடைல பில்லு போட ஆள் கேக்கறாங்க. சும்மா எதுக்குங்க புள்ளைய வதைக்கோணும்?”

“அவளைக் கேட்டீங்களா?”

“கேக்காம வருவனுங்களா? ‘ஊட்டுக்கே வந்தர்றியா சாமி’ன்னு கேட்டேன். ‘ஆமாங்கப்பா’ன்னுச்சு.”

நல்ல மனிதர். மகளை அடக்கி வைக்க வந்தவர் இல்லை. அவள் அழுவதைத் தாங்க முடியாமல் வந்தவர். இப்படிப்பட்டவரை எதிர்த்து வாதாடுவதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். கோகிலா கதவோரம் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏம்மா, பாடம் ஒண்ணுமே புரியலையா?” என்று கேட்டேன்.

“ஆமாங்க மிஸ்.”

“வீட்டுக்கே போயிடலாம்னு இருக்கா?”

“ஆமாங்க மிஸ்.”

பேனாவைத் திறந்துவிட்டேன். டி.சி. விண்ணப்பத் தாளில் முனை படுவதற்குள் என்னவோ தோன்றி இன்னொன்று கேட்டேன். “இங்கேயே இருந்து படிக்கணும்னும் இருக்கா?”

அதே குரல், அதே வேகம். “ஆமாங்க மிஸ்.”

பேனாவை மூடினேன். நாமெல்லாம் கணக்குக்காரர்கள். ஒரு கூற்றும் உண்மை, அதன் மறுப்பும் உண்மை என்று வந்து நின்றால் நாம் என்ன செய்வோம்? மேலே போகமாட்டோம். எங்கோ பிழை இருக்கிறது என்று ஆரம்பத்துக்குத் திரும்புவோம். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அவளிடம் கேட்டவர்கள் எல்லாருமே ‘ஆமாங்க’ என்று பதில் வரக்கூடிய கேள்வியையே கேட்டிருக்கிறோம், அவளுடைய அப்பா உட்பட, நான் உட்பட.

மணி அடித்துவிட்டது.

“ஒரு மணி நேரம் பொறுத்துக்கங்க. எனக்கு இப்போ வகுப்பு. நீங்களும் வந்து கடைசி வரிசையில உக்காருங்க. முடிஞ்சதும் நீங்க சொல்றபடி செய்றேன்” என்றேன்.

“நானுங்களா? கணக்கு வகுப்புலீங்களா?” என்று மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

கூடத்து வாசலில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டார். பிள்ளைகள் எல்லாரும் ஷூவோடும் செருப்போடும் உள்ளே போய்க்கொண்டிருக்க, அவர் மட்டும் சுவரோரமாகக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவருக்கு அது அப்படிப்பட்ட இடமாகத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் பல வருடங்களாக அப்படித் தெரியாமல் போயிருந்தது.

கரும்பலகையில் வழக்கமான வரியை எழுதினேன். ‘எப்சிலான் கொடுக்கப்பட்டால், அதற்கேற்ற ஒரு டெல்டா காணமுடியும்.’ கணிதம் படிக்காத யாராவது இதைப் படித்தால் பயப்பட வேண்டாம். ஒன்று இன்னொன்றை நெருங்குகிறது என்று சொன்னால் போதாது, எவ்வளவு நெருக்கம் கேட்டாலும் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்பதுதான் அதன் பொருள். எப்சிலான் என்பது கேட்கப்படும் நெருக்கம். டெல்டா என்பது அதற்கு நாம் சொல்லும் பதில். உள்தேர்வில் மூன்றால் வகுத்து எழுதியது அதைத்தான்.

“புரிஞ்சுதா?”

“ஆமாங்க மிஸ்.”

“இன்னைக்கு இந்தக் கூடத்துல ‘ஆமாங்க’ கிடையாது” என்றேன். “யாராவது ஒருத்தர் எந்திரிச்சு, எது புரியலைன்னு சொல்ற வரைக்கும் நான் சாக்பீஸைத் தொடமாட்டேன்.” சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

உட்கார்வது சுலபம் என்று நினைக்காதீர்கள். மின்விசிறிகள் சுற்றின. வெளியே லாரி பாடி கட்டும் பட்டறையில் தகரம் தட்டும் சத்தம் கேட்டது. அத்தனை தலைகளும் குனிந்திருந்தன. கடைசி வரிசையில் அந்த மனிதர் கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டணம் கட்டிச் சேர்த்த மகளுக்கு வாத்தியாரம்மா பாடம் எடுக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் அவர் நினைத்திருப்பார். எழுந்து அடுத்த தேற்றத்துக்குப் போய்விடலாம் என்று கை பரபரத்தது. இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை, அந்த நேரத்தில் எழுந்திருக்காமல் இருப்பதுதான். அதைக் கற்றுக்கொள்ளுங்கள். அந்த அமைதி உங்களுடையது இல்லை, பிள்ளைகளுடையது. அவர்கள்தான் அதை உடைக்க வேண்டும்.

கோகிலா எழுந்தாள். போகிற பெண்தானே, இனி என்ன என்று துணிந்தாளோ, அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எழுந்தாளோ, எனக்குத் தெரியாது. நடுவரிசையிலிருந்து கரும்பலகையைக் காட்டினாள்.

“மிஸ், எப்சிலான் குடுக்கப்பட்டால்னு எழுதியிருக்கீங்க. அத யாருங்க மிஸ் குடுக்கறது?”

கூடம் வெடித்துச் சிரித்தது. ஃபங்ஷனுக்குச் சிரித்த சிரிப்பு இல்லை இது. இதில் ஆள் விழுந்துவிடும். அவள் முகம் சிவந்து, கை பெஞ்சைத் தேடியது, உட்கார்ந்துவிடப் போகிறாள். உட்கார்ந்தால் இனி எந்த வகுப்பிலும் எழுந்திருக்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. ‘சைலன்ஸ்’ என்று நான் கத்தியிருந்தால் சிரிப்பு நின்றிருக்கும், அவளை நான் காப்பாற்றியது போலவும் ஆகியிருக்கும். காப்பாற்றப்பட்டவளாக அவள் அங்கே நிற்பதில் என்ன பயன்?

உண்மையில் நானும் அந்த வரியை அப்போதுதான் முதல்முறை பார்ப்பவள்போல் படித்துக்கொண்டிருந்தேன். எத்தனை வருடமாக அந்த வரியைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்! யார் கொடுக்கிறார்கள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நானும் என் ஆசிரியரைக் கேட்டதில்லை. நம் பேச்சில் யாராவது ‘காப்பி கொடுக்கப்பட்டால் குடிப்பேன்’ என்பார்களா? கொடுத்தால் குடிப்பேன் என்போம், கொடுக்கிறவர் ஒருவர் அங்கே இருப்பார். புத்தகத் தமிழ் அந்த ஆளை அழித்துவிட்டது. அந்த ஆள் இல்லாமல் அந்த வரிக்கு உயிரே இல்லை. முழு நுண்கணிதமும் நிற்கிற இடத்தில் விரலை வைத்துவிட்டு, தப்பாக ஏதோ கேட்டுவிட்டோம் என்று இந்தப் பெண் உட்காரப் பார்க்கிறாள்.

மேடையிலிருந்து இறங்கி அவளுடைய வரிசைக்குப் போனேன். மைக்கை அவள் கையில் கொடுத்துவிட்டு, கூடத்தைப் பார்த்துத் திரும்பினேன்.

“சிரிச்சவங்கள்ல யாராவது பதில் சொல்லுங்க. யார் குடுக்கறாங்க?”

“கேள்வித்தாள்ல குடுப்பாங்க மிஸ்” என்றான் ஒருவன்.

“கேள்வித்தாள் இல்லாட்டி?”

“நீங்கதானுங்க மிஸ் குடுக்கறீங்க” என்றாள் ஒருத்தி.

“நான் குடுக்கலை. எனக்கு வேற வேலை இருக்கு.”

சிரிப்பு அடங்கிவிட்டது.  எல்லாரும் கோகிலாவைப் பார்த்தார்கள். அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தனக்குத்தானே பேசுவதுபோல் ஆரம்பித்தாள்.

“தைக்கக் குடுக்கறப்ப அளவு குடுப்பாங்களே, அந்த மாதிரிங்களா மிஸ்? அளவு நம்முளுது இல்லீங்க. வாரவங்க குடுக்கறது. அவங்க எவ்வளவு இறுக்கமாக் கேட்டாலும் அதுக்குத் தக்க நாம வெட்டித் தெச்சுக் காட்டோணும். ஏதோ ஒரே ஒரு அளவுக்கு நம்மனால முடியலைன்னாக்கூட...” இங்கே நிறுத்தினாள். “அப்ப லிமிட்டே இல்லைன்னு ஆயிருமுங்களா மிஸ்?”

 வெட்கப்படாமல் சொல்கிறேன், கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒரு வரையறையை மட்டுமல்ல, அதன் மறுப்பையும் அந்தப் பெண் நின்ற இடத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். முதுகலைப் பிள்ளைகள் தடுமாறுகிற இடம் அது. பெரியவர்கள் பலர் சேர்ந்து பல தலைமுறையாகத் தேடிக் கண்டடைந்த ஒன்று, மோகனூர்ப் பெண்ணின் வாயில் அவள் சொந்தச் சொல்லில் வந்து நின்றது. அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அதுதான் என்னை அப்படி உலுக்கியது.

திருச்செங்கோட்டுப் பையன் ஒருவன் கை தூக்காமலே எழுந்துவிட்டான். “அப்ப டெல்டாவ மொதல்லயே வெட்டி வெச்சுக்கக் கூடாதுங்க மிஸ். அளவு வந்த அப்பறந்தான். நாங்க பரிச்சைல ரெடிமேடு சட்டையக் குடுத்துட்டமுங்க.”

மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை அவரவர் தங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். மூன்றால் வகுத்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தங்கள் பிழையைப் பார்த்தார்கள். அதன் பிறகு என்னால் அந்தக் கூடத்தைப் பிடிக்க முடியவில்லை. “ரெண்டு பக்கமும் வேற வேற அளவு வந்தா எப்படிங்க?” “அளவு சுத்தமா சைபராக் குடுத்தா?” “புரியலீங்க மிஸ், அந்த ரெண்டாவது வரி புரியலீங்க.” ஊமையாக உட்கார்ந்திருந்த கூடம் அது. முகம்கூடத் தெரியாத கடைசி வரிசைகளிலிருந்து கேள்வி வந்தது. பெரிய வகுப்பு என்றால் பாரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அத்தனை மூளை ஒரே வரியில் ஒன்றாகக் குனிந்து பார்க்கும்போது அந்த இடத்தில் எழும் சக்தி சின்ன வகுப்பில் வராது. அன்று கோயிலில் நிற்பதுபோல்தான் நின்றேன். மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை.

‘புரிஞ்சுதா’ என்று கேட்பதை அன்றோடு விட்டேன். நீங்களும் விட்டுவிடுங்கள். வேறென்ன கேட்பது என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் கூடம் உங்களுக்குச் சொல்லும்.

வெளியே வந்தபோது அவர் வாசலில் வெறுங்காலோடு நின்றிருந்தார். கோகிலா பக்கத்தில். அலுவலகத்து ஆள் தாளோடு காத்திருந்தார்.

“எனக்கு ஒண்ணும் வெளங்குலீங்க மேடம்” என்றார் அப்பா. “ஆனா அத்தன பேரும் எம்புள்ள வாயையே பாத்துட்டு இருந்தாங்க பாருங்க, அது மட்டும் தெரிஞ்சுதுங்க.”

நான் வாக்குக் கொடுத்திருந்தேன். தாளை வாங்கிச் சுவரில் வைத்துப் பேனாவைத் திறந்தேன். இந்தத் தடவை ‘ஆமாங்க’வுக்கு வழி இருந்தது, மற்றதற்கும் வழி இருந்தது. “கையெழுத்துப் போடவா கண்ணு?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். கூடத்துக்குள் காத்திருந்ததைவிட இது கடினமாக இருந்தது.

அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. பிறகு வந்தது.

“இல்லீங்க மிஸ்.”

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்ததுதானா என்று சந்தேகம் வந்தவர்போல இருந்தது. “அப்ப ஊட்டுக்கு வல்லியா சாமி?”

“இல்லீங்கப்பா.”

அவர் சுவரோரம் இருந்த செருப்பைக் காலால் நேராக்கி மாட்டிக்கொண்டார். “இந்தப் புள்ள ‘இல்லீங்க’ன்னு சொல்லி நான் இன்னைக்குத்தானுங்க கேக்கறேன்” என்று என்னிடம் சொன்னார். சொன்னபோது சிரித்தாரா, குரல் உடைந்ததா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மகளுடைய தலையில் ஒரு முறை கை வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அவளுக்கு அடுத்த மணி இயற்பியல். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.